மடிக்கக் கூடாத போர்வை

அன்புள்ள அம்மாவுக்கு,

எதையும் ஒளிக்காமல் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

பள்ளியிலிருந்து ஒரு பழைய பண்ணை வீட்டில் உதவி செய்யப் போய் வருகிறோம். அங்கே வாழ்ந்த குடும்பம் கிளம்பிய அன்று கிடந்தபடியே எல்லாவற்றையும் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். கட்டிலில் போர்வை சுருண்டு கிடந்தது. கை சும்மா இருக்காமல் மடித்துவிட்டேன்.

அந்த வீட்டுக் காவலர் அக்கா தன் தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்தக் கசங்கலைப் பாக்கத்தாம்மா டிக்கெட் வாங்கிட்டு வராங்க. யாரு உன்னை இப்படி வளத்தது?"

இனி வராதே என்பாரோ என்று பயந்து, "எங்கம்மா" என்றேன். சிரித்துவிட்டார். அந்தக் கட்டிலின் பழைய புகைப்படத்தைப் பார்த்து இருவருமாகக் கசக்கி வைத்தோம்.

இரண்டு ஜோடி காலுறை அனுப்பு. அப்புறம், நம் வீட்டிலிருந்து புறப்பட்ட அவசரத்தில் என் போர்வையை மடிக்காமல் வந்தேனே, அது அப்படியே கிடக்கட்டும் அம்மா.

விடுதியில் விளக்கை அணைத்துவிட்டார்கள்.