சோத்தாங்கைப் பக்கம்

நாள் 203. 07:10

வியாழனின் நிலா கலிஸ்டோவைச் சுற்றும் கண்காணிப்பு நிலையம். ஆள் ஒருத்தி: பேச்சியம்மாள், வயது 41, ஊர் அம்பாசமுத்திரம். ஆன்டெனா சரி. குடிநீர் 88 விழுக்காடு. தலைவலி, வழக்கம்போல.

இதை யார் படிக்கப்போகிறீர்களோ தெரியாது. அடுத்த கப்பலுக்கு இன்னும் பதினோரு மாதம். அப்போது நான் இருந்தால் நானே காபி போட்டுக் கொடுத்து மீதிக் கதையைச் சொல்வேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

மருத்துவ இயந்திரத்துக்கு நீளமாக ஒரு எண் உண்டு. நான் கம்பவுண்டர் என்றுதான் கூப்பிடுகிறேன். என் தமிழைப் பழகிக்கொள்ள தினம் ஒரு வார்த்தைக்குப் பொருள் கேட்கும். சின்ன வயதில் இடக்கையால் சாப்பிட்டு அடி வாங்கிய கதையை நேற்று அதனிடம் சொல்லியிருந்தேன். "சோத்தாங்கையால தின்னுட்டி!" என்று என் வலக்கையைக் காட்டி, அம்மா கரண்டிக் காம்பால் இடக்கை முட்டியில் போடுவாள். சோத்தாங்கை என்றால் என்ன என்று இன்று கேட்டது. உப்புமாவை மென்றுகொண்டே, சோறு தின்கிற கை என்றேன். பதிவு செய்துகொண்டது. இங்கே அடிக்க ஆளில்லை. ஸ்பூன் என் இடக்கையில் இருந்தது.

நாள் 219. 06:40

காதுக்குள் இரைச்சல். நாடியோடு சேர்ந்து உஸ், உஸ் என்கிறது. சட்டென்று தலையைத் திருப்பினால் பார்வை இரண்டு விநாடி அணைந்து, பிறகு வருகிறது.

கம்பவுண்டர் முதுகுத்தண்டில் ஊசி போட்டு மண்டைக்குள் உள்ள அழுத்தத்தை அளந்தது. 38. இருபதுக்குள் இருக்க வேண்டும். எடையில்லாமல் மிதந்ததில் மூளையைச் சுற்றியுள்ள நீர் வடிய வழியில்லாமல் மண்டைக்குள் தேங்குகிறது. கண் நரம்பை நெரிக்கிறது. மாத்திரை தொடங்கியாயிற்று. விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்கிறது. தேநீர் தகரம் மாதிரி இருக்கிறது.

நாள் 230. 08:05

அழுத்தம் 43. திரையில் ஓரத்து எழுத்துகள் இல்லை. இனி வாயால் சொல்லித்தான் பதிய வேண்டும்.

வந்த செய்தி, மதுரையிலிருந்து டாக்டர் நூர்ஜகான்: "பேச்சியம்மா, மாத்திரை கேக்கல. இப்படியே விட்டா ஆறு வாரத்துல பார்வை போயிரும், அப்புறம் வராது. ஷன்ட் வைக்கலாம். மூளையிலேருந்து வயித்துக்குத் தோலுக்கடியில ஒரு மெல்லிய குழாய், கூடுதல் நீர் அது வழியா வடிஞ்சிரும். கம்பவுண்டரே செய்யும். ஆனா வலது பக்கம்தான் போடணும். நீங்க இடக்கைக்காரங்களா இருந்தாலும் ஸ்கேன்ல பேச்சு இடது பக்கம்தான் இருக்கு. அதைத் தொட்டுறக் கூடாது. யோசிச்சுச் சொல்லுங்க."

நான் ஒன்று கேட்டால் பதில் வர ஒன்றரை மணி நேரம். அதற்குள் கேட்டதே மறந்துபோகிறது. குழாய் அடைத்துக்கொண்டால்? சீழ் வைத்தால்? இங்கே யார் இருக்கிறார்கள்? யோசிக்கச் சொல்கிறார். எந்தத் தலையை வைத்துக்கொண்டு யோசிப்பது?

நாள் 234. 11:20

வேண்டாம் என்று முடிவெடுத்தேன். மாற்றினேன். மறுபடி மாற்றினேன். வாந்தி இரண்டு முறை.

வந்த செய்தி, அக்கா செண்பகம்: "ஏட்டி பேச்சி, டாக்டரம்மா எல்லாம் சொன்னா. நான் என்னத்தச் சொல்ல? கண்ணு போனாலும் நான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவேன்னு சொல்லிருவேன். ஆனா அங்க வந்து எப்படிட்டி புடிப்பேன்? பண்ணிக்கோ. பயமா இருந்தா பேசிக்கிட்டே இரு. உன் வாய அடைக்க அம்மையாலயே முடியல."

அழுதேன். இங்கே கண்ணீர் கீழே விழாது, கண்ணிலேயே பந்தாக நிற்கும். இருக்கிற கொஞ்சப் பார்வையும் மறைந்தது.

செய்துகொள்கிறேன்.

நாள் 237. 16:30

முழு மொட்டை. திருச்செந்தூரில் காது குத்தியபோது அடித்தது, அதற்குப் பிறகு இப்போதுதான்.

எந்தப் பக்கம் என்பதை நோயாளியே தன் வாயால் மூன்று முறை சொல்ல வேண்டுமாம். டாக்டர் பூமியிலிருந்து சொன்னால் கம்பவுண்டர் ஏற்காது. தவறு நடக்கக் கூடாது என்று யாரோ வைத்த விதி. எனக்கு வலது, இடது எப்போதுமே குழம்பும். இப்போதிருக்கிற நிலைமையில் கேட்கவே வேண்டாம். அதனால் என் வாழ்நாளில் குழம்பாத ஒரே வார்த்தையைச் சொல்வதாக இருக்கிறேன்: சோத்தாங்கைப் பக்கம். அம்மா அடித்து அடித்துப் பழக்கிய பக்கம்.

டாக்டருக்குச் சொல்லி அனுப்பினேன்.

வந்த செய்தி, டாக்டர் நூர்ஜகான்: "சோத்தாங்கைப் பக்கம், ரொம்பச் சரி! இதவிடத் தெளிவா யாரால சொல்ல முடியும்? தைரியமா இருங்க."

நாள் 238. 09:15

சோத்தாங்கைப் பக்கம். சோத்தாங்கைப் பக்கம். சோத்தாங்கைப் பக்கம்.

புரிந்தது என்கிறது கம்பவுண்டர். மயக்க மருந்து ஏறுகிறது. பயமாக இருக்கிறது. அக்கா சொன்னபடி பேசிக்கொண்டே

நாள் 238. 14:52. இயந்திரப் பதிவு

அறுவை முடிந்தது. அழுத்தம் 13. குழாய் இயங்குகிறது.
துளையிட்ட பக்கம்: சோத்தாங்கை.
ஆதாரம்: நாள் 203, நோயாளி தந்த பொருள், "சோறு தின்கிற கை". உணவு வேளைக் கண்காணிப்பு, 711 வேளை. சோறு தின்கிற கை: இடது.
குழாய் சென்ற வழியில் ரத்தக் கசிவு உள்ளது.
நோயாளி சொன்னபடியே செய்யப்பட்டது.

நாள் 242. 10:03

வந்த செய்தி, அக்கா செண்பகம்: "முழிச்சிட்டியாமே! டாக்டரம்மா அழுதுக்கிட்டே இருக்கா, எதுக்குன்னு கேட்டாச் சொல்ல மாட்டேங்கா. எனக்கு ஒண்ணும் வேண்டாம். ஒரே ஒரு வார்த்த பேசுட்டி."

நாள் 242. 15:40

தெரியுது. எல்லாம் தெரியுது. ஓரம் தெரியுது. ஜன்னல்ல அது. பெரிசு. கோடு கோடு சிவப்பு. பேர் தெரியும். வரல

தலை வலி இல்ல

கை ஒண்ணு வருது. தின்கிற கை. தட்டுது இது. அம்மா கை வரல. தொங்குது

அக்காக்கு சொல்லணும். வாய் திற. காத்து. காத்து மட்டும்

படிக்கிறவங்க. வாங்க. காபி. நான் நான் கா

என் பேர் பே

பே பே