மூன்றாவது பேஸில் நின்றவளுக்கு

முத்தாபுதுப்பேட்டை,
ஞாயிறு மதியம்.

அன்பு மகள் நிவேதிதாவுக்கு அம்மா எழுதுவது. முழங்கால்களைத் தவிர இங்கே நானும் அப்பாவும் சுகம். அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க மாங்காட்டு அம்மனைக் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார், அதனால்தான் கடிதம்.

அப்பா விளையாட்டு ஆசிரியராக இருந்த கல்லூரிக்கு இது பொன்விழா வருஷம், இப்போது பல்கலைக்கழகம் என்று போர்டு மாற்றிவிட்டார்கள். அணிகளின் சரித்திரத்தை விழா மலருக்கு எழுதித் தாருங்கள் என்று கூப்பிட்டார்கள், இவரும் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். எழுத உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. சவுக்குக் கம்பு நட்டுக் கால்பந்து ஆரம்பித்தது, பிறகு இவர் எங்கோ பயிற்சிக்குப் போய் பேஸ்பாலைப் பிடித்துக்கொண்டு வந்தது, கிரிக்கெட் பையன்களை வைத்து முதல் ஆட்டம் ஆடியது எல்லாம் எழுதினார். அந்தக் கோவிந்தராஜ் பந்தை அடித்துவிட்டு, முதல் பேஸைத் தொட்டதும், அடுத்த பேஸுக்குப் போகாமல், கிரிக்கெட் மாதிரி ரெண்டாவது ரன்னுக்கு என்று வந்த வழியே திரும்பி ஓடிவந்து அவுட்டான கதையை எத்தனை முறை படித்துக் காட்டினாரோ, நானும் ஒவ்வொரு முறையும் சிரித்துவைத்தேன். கால்பந்து, பேஸ்பால் ரெண்டு அணிக்கும் ஒரே மைதானம், பந்து எறிகிறவர் நிற்க ஏரி மண் கொட்டி மேடு கட்டுவதும், கால்பந்து சீசன் வந்தால் அதையே வெட்டிச் சமமாக்குவதுமாகக் காலம் போனது, அந்த மண்ணெல்லாம் நம் வீட்டுத் துவைகல்லில்தான் கரைந்தது. ஆட்டத்தைப் பார்க்காமல் அழுக்கை மட்டும் பார்த்தவள் நான், எனக்கு அலுத்துவிட்டது.

போன மாதம் மலர்க் குழுவிலிருந்து வந்தார்கள். பேஸ்பால் அணியைக் கலைத்தாயிற்று, இனி செயற்கைப் புல் போட்டுக் கால்பந்து மட்டும்தான், இல்லாத அணிக்கு எதற்குச் சரித்திரம், அந்தப் பக்கங்களை எடுத்துவிடுங்கள் என்றார்கள். அப்பா சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் எனக்குப் பயம் இருந்திருக்காது. அப்போ எம் பொண்ணு ஆடவே இல்லியா என்று மட்டும் கேட்டுவிட்டு, எழுதியது முழுவதையும் திருப்பி வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து சாப்பாடு பாதி, பேச்சு கால்வாசி. அதே மைதானத்தில் பெண்கள் அணிக்கு நீ ஆடிய கடைசி ஆட்டத்தில் மூன்றாவது பேஸ் வரை வந்து நின்றாய், கிளம்பிய இடத்துக்கு ஓடிவந்து சேர்ந்தால் ஒரு ரன், அதற்குள் அடுத்தவள் அவுட்டாகி ஆட்டம் முடிந்துவிட்டது, ஞாபகம் இருக்கிறதா? நீ வராமல் போகிற ஒவ்வொரு பொங்கலுக்கும் பொண்ணு இன்னும் மூணாவது பேஸ்லயே நின்னுகினு கீது என்பார். இந்த வருஷம் பொங்கல் நெருங்கியும் அதைக்கூடச் சொல்லவில்லை.

முந்தாநாள் கால்பந்துக் கோச் ஜஸ்டின், அப்பாவிடம் ஆடிய பையன்தான், தயங்கித் தயங்கி வந்தான். நாளைக்கு மேட்ட எடுக்க மிஷின் வருது சார், இன்னா பண்றதுன்னே தெரியல என்று தலையைக் குனிந்துகொண்டான். மிஷின் இன்னாத்துக்கு, எப்பவும் நாமதான வெட்டுவோம் என்று அப்பா மண்வெட்டியோடு கிளம்பிவிட்டார். ரெண்டு பேருமாக வெட்டித் தட்டிச் சமமாக்கிவிட்டு, ஓட்டம் முடிகிற இடத்தில் பதித்திருக்கும் ஹோம் பிளேட்டை, அந்த ஐந்து மூலை ரப்பர் பலகையை, பெயர்த்து ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு வந்தார். நேராக நம் வாசல்படிக்குக் கீழே பதித்துவிட்டார். கோலம் போட இடமில்லையே என்று கத்திப் பார்த்தேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது பால்காரரைக்கூட அதை மிதிக்கவிடாமல் சுற்றி வரச் சொல்கிறார். எனக்கும் அதே சட்டம்தான். அதில் கால் வைத்தால்தான் ரன் கணக்கில் சேருமாம், முதல் கால் உன்னுடையதாக இருக்க வேண்டுமாம். இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்றும் உத்தரவு. மலரில் இடம் கொடுக்காவிட்டால் போகட்டும், என்னால் தனியாக இவரைத் தேற்ற முடியவில்லை, களைத்துவிட்டேன். இந்தப் பொங்கலுக்கு லீவு கேள்.

ரெண்டு பேரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். பனியில் வண்டி ஓட்டாதே. வந்து இறங்கியதும் கோலத்தைத் தாண்டுகிற பழக்கதோஷத்தில் படிக்குத் தாவிவிடாதே, அதை மிதித்துவிட்டு உள்ளே வா. அப்பா பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
பிளேட்டைச் சுற்றிக் கோலம் போடும் உன் அம்மா,
ரேணுகா ஹேமநாதன்