அப்பா போட்ட முடிச்சு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உங்க முட்டிவலி தேவலையா? அம்மா நேரத்துக்கு மாத்திரை போடறாங்களா?

பார்சல் வந்துச்சு. மலை, கடற்கரை, மில்லுன்னு இடத்துக்கு இடம் மூட்டை கட்டற பாணி எப்படி மாறுதுன்னுதானே என் ஆராய்ச்சி? வகுப்புல வச்சுப் பிரிக்கப் போனேன், உங்க முடிச்சைப் பார்த்ததும் பேராசிரியர் என் கையிலிருந்த கத்திரியைப் பிடுங்கிட்டார்.

"இது எந்த வட்டாரப் பாணி?"ன்னு கேட்டார்.

"யாரையும் நம்பாத எங்க அப்பா பாணி"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. போட்டோ எடுத்து முடிச்சதும் நானே விரல் நோக அவிழ்த்தேன்.

இங்கே குளிர் ஜாஸ்தி, என் பழைய போர்வையை அனுப்புங்க. தபால் எடுக்க ஆள் வந்தாச்சு, முடிக்கறேன். இந்தத் தடவை கொஞ்சம் தளர்வா கட்டுங்க.

வேண்டாம்ப்பா, அப்படியே கட்டுங்க. அவிழ்க்கும்போது, "அறுக்காதே, பொறுமையா அவிழு"ன்னு நீங்க பக்கத்துல நின்னு திட்டற மாதிரியே இருந்துச்சு.

உங்க மக