மெட்டி போட்ட கால்

4.4.96, பெரிய வியாழன்

இன்று மாதா கோயிலில் பங்குச் சாமியார் என் காலைக் கழுவினார். எழுதிப் பார்த்தும் எனக்கே நம்ப முடியவில்லை.

பாதம் கழுவும் சடங்குக்குப் பெயர் கொடுத்த பன்னிரண்டு ஆண்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். மத்தியானம் காந்திபுரத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது இவருக்குக் கால் பிசகிவிட்டது. வர முடியாது என்று சொல்லத்தான் நான் போனேன். அதற்குள் பூசை தொடங்கிவிட்டது. பீடத்தின் முன்னால் பதினொரு ஆண்கள். கடைசி நாற்காலி காலி. அதில் ஏன் போய் உட்கார்ந்தேன்? தெரியவில்லை.

குனிந்தபடியே ஒவ்வொரு காலாகக் கழுவி வந்த சாமியார், என் மெட்டியைப் பார்த்ததும் நின்றார். நிமிரவில்லை. "தண்ணி ரொம்பச் சில்லுனு இருக்குதுங்களா?" என்று மெல்லக் கேட்டார். மற்ற யாரிடமும் அப்படிக் கேட்கவில்லை. கழுவித் துடைத்துவிட்டு எழுந்து போனார்.

வாசலில், வேதபாடம் சொல்லித்தரும் உபதேசியார் வழிமறித்தார். "ஏனுங்க அம்மணி, அப்போஸ்தலருங்க பன்னெண்டு பேரும் ஆம்பளைங்கதானுங்களே?"

"தெரியுமுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

வழியெல்லாம் ஒரே யோசனை. இயேசு சீடர்களின் காலைக் கழுவியதற்குச் சில நாள் முன்புதான் பெத்தானியா ஊர் மரியா அவர் பாதத்தில் தைலம் பூசி, கூந்தலால் துடைத்தாள். அப்படியென்றால் காலைத் தொடலாம் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தது யார்? உபதேசியாரிடம் கேட்டால் அடிக்க வருவார். சாமியாரிடம் கேட்கலாமோ?

இவர் காலில் பற்றுப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். "ஏங் கண்ணு, எனக்குப் பதிலா ஆரு உக்காந்தாங்க?" என்று இரண்டு தரம் கேட்டாயிற்று.

எழுதி முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். பேனாவில் இன்னும் மை இருக்கிறது.