அலையில்லாத கடலும் கைப்பிடியில்லாத ஏணியும்

மச்சான்,

உங்கள் மஞ்சள் ஹெல்மெட்டில் இன்று காலை கோழி முட்டையிட்டிருக்கிறது. வளைகுடாவின் நடுக்கடல் எண்ணெய் மேடையில் பதினோரு வருடம் உங்கள் தலையைக் காத்த கவசம், இப்போது வைக்கோல் நிரம்பிக் கொல்லையில் கிடக்கிறது. உள்பட்டையில் வியர்வையும் டீசலும் கலந்த உங்கள் வாசம் இன்னும் போகவில்லை. முட்டை எடுக்கக் குனிந்தவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

உங்களைச் சக்கர நாற்காலியில் வீட்டுக்குள் தள்ளிவந்த நாளில், என் கூடப்பிறந்த ராத்தா அழுத அழுகையில் பாக் நீரிணை ஒரு முழம் உயர்ந்திருக்கும். நீங்கள்தான் சிரித்தீர்கள். "ஏலே மாப்புள, ஒன் ராத்தாவ நிப்பாட்டச் சொல்லு. வீட்டுக்குள்ள வள்ளம் விடணும் போல."

இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கம்பெனியின் கடிதத்தில் ஒரே வரி: தொழிலாளியின் கவனக்குறைவு. அந்த வரிதான் உங்களைத் தின்றது. "காலு போனாப் போவுது. நான் கவனமில்லாதவனாடா?"

ராமநாதபுரம் கோர்ட்டில் இலவச சட்ட உதவிக்கு அமர்ந்திருந்த வக்கீலம்மா, "நடந்ததை நடந்தபடி எழுதிக் கொண்டாங்க" என்றார். எழுதுவதற்கு இந்தக் கரையில் என்னை விட்டால் யார்? தெருக்குழாய் ஒழுகியதற்கே கலெக்டருக்கு நான்கு பக்கம் எழுதிய பேனா இது. நீங்கள் சொன்னதோ சின்னக் கதை. காற்றில்லை, அலையில்லை. இரும்பு ஏணியின் கைப்பிடியைக் கழற்றிவிட்டு மாட்டாமல் வைத்திருந்தார்கள். ஆறாவது படியில் வழுக்கியது.

ஆறு படி என்று எழுத என் பேனா கூசியது. இரண்டு ஆள் பாரத்தைத் தனியே தூக்கும் என் மச்சானைச் சாய்க்க ஆறு படி போதுமா? பனைமர உயரத்துக்கு அலையை எழுப்பினேன். மேடையைத் தொட்டில் போல ஆட்டினேன். மின்னல் இரண்டு. நீங்கள் படித்துக்கூடப் பார்க்கவில்லை. "நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டீர்கள்.

மூன்று மாதம் கழித்துக் கம்பெனியின் பதில் வந்தது: 'மனுதாரரே கூறியபடி, விபத்துக்குக் காரணம் கடும் புயல். இயற்கைக்கு நிறுவனம் பொறுப்பல்ல.'

வக்கீலம்மா கோபப்படவில்லை. அதுதான் தாங்கவில்லை. "புயலை எழுதியிருக்கீங்க சார். கைப்பிடி எங்க?" என்று மட்டும் கேட்டார். நான்கு பக்கத்தையும் புரட்டினேன். ஒரு வரிகூட இல்லை.

வீட்டுக்கு வந்து உங்களிடம் சொன்னேன். மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தபடி, "மின்னல் ரெண்டுதானா? கஞ்சப்பய" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் நீங்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். அரைப் பக்கம். "வேற எதையும் சேத்துறாத" என்றீர்கள். உங்களோடு வேலை பார்த்தவர் செல்போனில் எடுத்திருந்த ஏணிப் படத்தையும் சேர்த்து வக்கீலம்மா அனுப்பினார். அதற்குள் படுக்கைப் புண்ணில் சீழ் வைத்தது, காய்ச்சல் இறங்கவேயில்லை.

நீங்கள் போய், நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்த வாரத்தில் கம்பெனியின் பதில் வந்தது. 'கைப்பிடி அகற்றப்பட்டிருந்தது உண்மை. தொழிலாளி மீது தவறில்லை.' மையவாடியில் உங்களை அடக்கிய இடத்தில், தலைமாட்டில் நின்று இரண்டு தடவை வாசித்தேன். என் புயல் தின்ற மூன்று மாதம் இருந்திருந்தால், அதை நீங்களே கையில் வாங்கிப் படித்திருப்பீர்கள்.

இப்போது தொண்டியிலிருந்தும் தேவிபட்டினத்திலிருந்தும் அடிபட்டவர்கள் மனு எழுத என்னிடம்தான் வருகிறார்கள். போன வாரம் விரல் நசுங்கிய ஒருவர், "மலையே சரிஞ்ச மாதிரி சத்தம்ணே" என்று ஆரம்பித்தார். "மலைய விடுங்க தம்பி. சங்கிலியில கொக்கி இருந்துச்சா இல்லையா?" என்றேன். டீக்கடைப் பேச்சில் நான் பிடிக்கும் சுறா இன்னும் பேருந்து நீளம்தான். தாளில் மட்டும் ஆறு என்றால் ஆறு.

கொல்லையில் இவ்வளவு நேரமாக என்ன செய்கிறேன் என்று ராத்தாவுக்குச் சந்தேகம். அடுப்படியிலிருந்து குரல் வந்தது: "எத்தன முட்டைலே?"

வாய்வரை பன்னிரண்டு வந்துவிட்டது, மச்சான். ஹெல்மெட்டுக்குள் இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "ஒண்ணு" என்றேன்.