நான் "வேண்டாம்" என்று எழுதிய கட்டம்

செவ்வாய், படுக்கப் போகும் முன்

புது மெஷினுக்கான மூணு நாள் பயிற்சிக்கு பினாங்கு போறவங்க பேர இன்னைக்கு ஃபேக்டரி பலகையில ஒட்டினாங்க. என் பேரு இல்ல. கவிதா பேரு இருக்கு. போன வருஷம் வேலைக்கு வந்தவ. பழைய மெஷின அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

நேரா சூப்பர்வைசர் குமார் அண்ணேகிட்ட போனேன். "பதினோரு வருஷமா இருக்கேன். என்னை ஏன் அனுப்பல?"

அவரு என் ஃபைலத் திறந்து காட்டினாரு. "நீயே பாரு. வருஷா வருஷம் ஒரு பாரம் கொடுத்து, என்ன பயிற்சி வேணும்னு அந்தக் கட்டத்துல எழுதச் சொல்றோம். ஒவ்வொரு தடவையும் வேண்டாம்னு எழுதியிருக்க. நான் என்னா செய்றது லா?"

எல்லாம் என் கையெழுத்துதான். பயிற்சி வேணும்னு எழுதினா, ஒண்ணும் தெரியாதவன்னு வேலைய விட்டுத் தூக்கிருவாங்கன்னு நான் சேர்ந்தப்ப பெரிய அக்காங்க சொன்னாங்க. அப்படியே நம்பினேன். கவிதாவுக்கும் அதையேதான் சொன்னேன். நல்லவேளை, அவ கேக்கல.

ஃபேக்டரி பஸ்ஸுல சுங்கை சிப்புட்ல இருக்குற வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் இதையேதான் நினைச்சிட்டு வந்தேன். கோபம் கவிதா மேல இல்ல, என் மேலதான்.

இந்த வருஷ பாரத்த இன்னைக்கே கேட்டு வாங்கிட்டேன். இப்பத்தான் எழுதி முடிச்சேன். "புது மெஷின் எனக்குத் தெரியாது. கத்துக்கணும்." பேனாவாலதான் எழுதினேன். அழிக்க முடியாது.

நாளைக்கு பஸ்ஸுல, கூட வேலை செய்ற சாந்திக்கும் மாலாவுக்கும் இதக் காட்டணும். என் பேச்சக் கேட்டு அவங்களும் வேண்டாம்னுதான் எழுதியிருக்காங்க.