விதைச்சேனை பூத்த அன்று

நேற்று காலை வீட்டுக்குள் எலி செத்த வாடை. அரிசிப் பானையை நகர்த்தினேன், கட்டிலைத் தூக்கிப் பார்த்தேன், மச்சில் ஏறப் போய், முழங்கால் ஒத்துக்கொள்ளாமல் இறங்கினேன். கடைசியில் பார்த்தால் அடுக்களை மூலையில், நீ சாம்பல் பூசி வைத்துவிட்டுப் போன விதைச்சேனை, மண்ணும் தண்ணீரும் இல்லாமலே பூத்திருந்தது. கருஞ்சிவப்பாக, அடைகாக்கும் கோழி மாதிரி. வாடை அதிலிருந்துதான்.

அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தேன். கூடச் சிரிக்க ஆளில்லை என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

கல்யாணமான புதிதிலும் இப்படித்தான் வீட்டைக் கலைத்துப்போட்டு எலியைத் தேடினேன். நீ வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாய். எல்லாம் கலைந்த பிறகு சொன்னாய்: "எலியும் இல்ல, பெருச்சாளியும் இல்ல. சேனை பூத்திருக்கு. இனி நீங்களே அடுக்கி வையுங்க."

கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலையிலிருந்து நான் ஓய்ந்ததும், வீட்டைச் சுற்றி நின்ற ரப்பரை முறிக்கச் சொன்னவள் நீ. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப்புறம் நின்று, "ஓய், உம்ம பெஞ்சாதிக்குக் கிறுக்கா?" என்றார். "ரப்பர்ல ரசம் வைக்க முடியுமா அண்ணாச்சி?" என்று நீ கேட்டாய். பிறகு மரச்சீனிக் கிழங்கு, சேம்பு, சேனை, வாழை. அவர் வீட்டு உலையிலும் நம் மரச்சீனிதான் வெந்தது.

எப்போது நடுவது என்பதை மட்டும் நான் கற்றுக்கொள்ளவில்லை. நீ சொல்வாய், நான் குழி வெட்டுவேன். இப்போது மழைக்கு மாதம் தெரிவதில்லை. போன வருடம் காலம் தப்பிக் கொட்டியதில் ஊரில் பலருடைய விதை குழியிலேயே அழுகியது. இந்த வருடம் மாசியும் காய்ந்தது, பங்குனியும் காய்ந்தது. உன் கை பட்ட விதையில் மிச்சம் இது ஒன்றுதான். நட்டால் அழுகுமோ, வைத்திருந்தால் வற்றுமோ என்று தினமும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு எழுத்து சொல்லித்தரும் பெண் சாயங்காலம் வந்தாள். படியிலேயே மூக்கைப் பொத்தினாள்.

"தாத்தா, எலி செத்துக் கெடக்கு."

"எலியும் இல்ல மக்களே, பெருச்சாளியும் இல்ல" என்றேன். பூவைக் கைகாட்டினேன்.

அப்போதுதான் போன வருடம் நீ சொன்னது நினைவுக்கு வந்தது. "வானத்த என்னத்துக்குப் பாக்குதீங்க? மழைக்குத் தெரியலேன்னாலும் கிழங்குக்குத் தெரியும்."

இன்று விடிந்ததும் பூவோடு கொண்டுபோய் நட்டேன். அரிசி களைந்த தண்ணீரை ஊற்றிச் சருகு போட்டு மூடினேன். மழை இன்னும் வரவில்லை.

'கிழங்கு' எழுதுவதற்குள் கை வலித்துவிடும். ஆனால் 'ழ' இப்போது எனக்கு வசப்பட்டுவிட்டது. நீயே பார், எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறேன். உனக்கும் எழுத்து தெரியாது என்பது பாதி எழுதிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. அதனால் எழுதிய வரைக்கும் குழியோரம் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி, உரக்க வாசித்தேன்.

"யாருட்ட ஓய் பேசுதீரு?" என்று வேலிக்கு அந்தப்புறமிருந்து அவர் கேட்டார்.

"கிழங்குட்ட" என்றேன்.

அடுக்களையில் அந்த வாடை இன்னும் இருக்கிறது. நான் ஜன்னலைத் திறக்கவில்லை.